மதிப்பெண்ணோடு நின்றுவிடும் மதிப்பீடு: மீத்திறன் குழந்தைகளும் உளவியல் ஆலோசனையும்

மீத்திறன் கொண்ட பிள்ளையின் பெற்றோர் உளவியலாளரைத் தேடி வரும்போது பெருமையைச் சொல்ல வருவது குறைவு. பள்ளியிலிருந்து வந்த புகாரோடுதான் பெரும்பாலும் வருகிறார்கள். நாலு வயதில் தானாகவே எழுத்துக்கூட்டிப் படித்த பையன் இரண்டாம் வகுப்பில் நோட்டைத் திறக்க மறுக்கிறான். கணக்கை மனத்துக்குள்ளேயே போட்டு விடையை மட்டும் எழுதும் சிறுமிக்கு, ‘ஸ்டெப்ஸ் இல்லை’ என்று பாதி மதிப்பெண்தான் கிடைக்கிறது. இன்னொருவன் ஆசிரியரைத் திருத்திவிட்டு வகுப்புக்கு வெளியே நிற்கிறான். “கெட்டிக்காரப் பிள்ளைதான், ஆனா...” என்றுதான் அவர்கள் பேச்சைத் தொடங்குகிறார்கள். உளவியல் மதிப்பீடும் ஆலோசனையும் அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வருவதைக் கேட்பதற்காக ஏற்பட்டவை. நம்மிடம் வாக்கியத்தின் முதற்பாதியைக் கண்டுபிடிக்கத் தேர்வுகள் ஏராளம். இரண்டாம் பாதியைக் கேட்கத்தான் ஆளில்லை.

1905இல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினேயும் தியோடோர் சிமோனும் முதல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கினார்கள். வகுப்போடு ஒட்டிப் படிக்க முடியாத குழந்தைகளை அடையாளம் கண்டு உதவுவதே அவர்கள் நோக்கம். அமெரிக்காவில் அந்தக் கருவியைத் திருத்தி 1916இல் ஸ்டான்ஃபோர்ட்-பினே சோதனையாக வெளியிட்ட லூயிஸ் டெர்மன், அதை மறுமுனையை நோக்கித் திருப்பினார். நுண்ணறிவு ஈவு மிக உயர்ந்த 1,500க்கும் மேற்பட்ட கலிஃபோர்னியக் குழந்தைகளைத் தேர்ந்து, வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வை 1921இல் தொடங்கினார். அதிபுத்திசாலிப் பிள்ளைகள் நோஞ்சானாகவோ மனம் பேதலித்தவராகவோ முடிவார்கள் என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை இந்த ஆய்வு தகர்த்தது. ஆனால் அதே சோதனையில் தேறாமல் வெளியே நின்ற சிறுவர்கள் இருவர், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும், பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றார்கள். தேர்வானவர்களில் ஒருவரும் பெறவில்லை. ஒரு வெட்டுப்புள்ளியை நம்பி ஒரு பிள்ளையின் கதவைச் சாத்தலாமா என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது.

டெர்மன் குழந்தைகளை அளந்தார் என்றால், அவர்களோடு உட்கார்ந்து பேசியவர் லீட்டா ஹாலிங்வொர்த். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றிய இவர், நுண்ணறிவு ஈவு 180க்கு மேல் வந்த பன்னிரண்டு குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தார். அவர்களைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1942இல் வெளிவந்தது. நுண்ணறிவு ஈவு 140 உள்ள பிள்ளை சாதாரண வகுப்பில் பாதி நேரத்தையும், 170க்கு மேல் உள்ள பிள்ளை ஏறக்குறைய முழு நேரத்தையும் வீணாக்குகிறது என்று அவர் எழுதினார். அதைவிட முக்கியமான அவதானிப்பு ஒன்றும் உண்டு. 125 முதல் 155 வரையிலான பிள்ளைகள் தோழமையோடும் தன்னம்பிக்கையோடும் வளர்கிறார்கள். அதற்கு மேலே போகப்போகத் தனிமை கூடுகிறது. ஐந்து வயதில் பத்து வயதுக்காரரின் கேள்விகளைச் சுமக்கும் குழந்தையோடு விளையாட யார் வருவார்கள்? அதன் அழுகை மட்டும் ஐந்து வயதுக்குரியதாகவே இருக்கிறது. இந்த ஒத்திசையாத வளர்ச்சியையே மீத்திறனின் மையமாக வைக்கும் வரையறை ஒன்றை 1991இல் ‘கொலம்பஸ் குழு’ முன்வைத்தது. அறிவு, உணர்ச்சி, உடல் மூன்றும் ஒரே பிள்ளைக்குள் மூன்று வேகத்தில் வளர்கின்றன என்பது அதன் சாரம். பெற்றோருக்கு உளவியலாளர் முதலில் விளக்க வேண்டியதும் இதுதான்.

சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்த 1957க்குப் பிறகு மீத்திறன் குழந்தை என்றாலே நாட்டின் மூலவளம் என்ற பார்வை அமெரிக்காவில் ஓங்கியது. குடும்பம் என்ற கோணம் வலுப்பட ஒரு சாவு வேண்டியிருந்தது. பதினாறு வயதில் பல்கலைக்கழகம் சேர்ந்த, ஒஹாயோவின் டேட்டன் பகுதியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் 1980இல் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய பெற்றோர், ‘எங்களைப் போன்றவர்கள் எங்கே போய் உதவி கேட்பது?’ என்ற கேள்வியோடு ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தை அணுகினார்கள். அங்கிருந்த ஜேம்ஸ் வெப் 1981இல் தொடங்கிய ‘செங்’ அமைப்பு, பெற்றோரை வாரந்தோறும் சிறு குழுக்களாக உட்காரவைத்துப் பேசவிட்டது. ஒழுங்கு, மனவழுத்தம், உடன்பிறந்தோர், நட்பு என்று ஒவ்வொரு வாரமும் ஒரு பொருள். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாத இந்த ஏற்பாட்டை நாம் இன்றுவரை கைக்கொள்ளாதது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

அப்படியானால் மீத்திறன் என்பதே மனநோய்க்கு இட்டுச்செல்லுமா? இல்லை. 2010இல் மார்ட்டினும் சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மீத்திறன் மாணவர்களிடம் பதற்றம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. மனச்சோர்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிரிட்டனின் பயோபேங்க் தரவுகளை வைத்து 2022இல் வந்த ஆய்வும், உயர் நுண்ணறிவு மனநலச் சிக்கலுக்குக் காரணமாவதில்லை என்றே சொன்னது. ஆலோசனை அறைக்கு வருகிறவர்களை மட்டும் பார்த்து, எல்லா மீத்திறன் பிள்ளைகளும் நொறுங்கும் நிலையில் இருப்பதாக எழுதுவது தவறு. போலந்து மனநல மருத்துவர் டம்ப்ரோவ்ஸ்கியின் ‘அதீத உணர்வெழுச்சி’ கருத்து பெற்றோருக்குப் பிடித்துப்போவதில் வியப்பில்லை; பிள்ளையின் பிடிவாதத்துக்கும் கண்ணீருக்கும் அது ஒரு கௌரவமான பெயர் தருகிறது. அதற்கான சான்று மட்டும் அந்த அளவுக்குக் கெட்டியாக இல்லை. ஆபத்து பிள்ளையின் அறிவில் இல்லை. அந்த அறிவுக்கும் அது உட்கார்ந்திருக்கும் வகுப்புக்கும் இடையிலான இடைவெளியில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 160க்கு மேல் ஈவு கொண்ட அறுபது பிள்ளைகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்த மிராக்கா கிராஸும் இதையே கண்டார். துணிந்து பல வகுப்புகள் மேலே ஏற்றப்பட்டவர்கள் படிப்பிலும் நட்பிலும் நன்றாக இருந்தார்கள். வயதொத்த வகுப்பிலேயே உட்காரவைக்கப்பட்டவர்களில் பலர் தம் அறிவை மறைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

நல்ல மதிப்பீடு இந்த இடைவெளியைத்தான் அளக்க வேண்டும். அதன் முதல் மணி நேரத்தில் சோதனைத்தாளே வெளியே வராது. பிள்ளை எப்போது பேசியது, எதில் மூழ்கிக் கிடக்கிறது, எப்படித் தூங்குகிறது, யாரோடு விளையாடுகிறது, வீட்டில் வேறு யார் இப்படி என்றெல்லாம் கேட்க வேண்டும். ஆசிரியரின் வாயால் கேட்பதும் தேவை. பிறகுதான் சோதனை. உலகெங்கும் அதிகம் பயன்படும் வெக்ஸ்லர் சோதனையின் ஐந்தாம் பதிப்பு ஐந்து திறன்களைத் தனித்தனியே மதிப்பிடுகிறது: மொழிவழிப் புரிதல், இடஞ்சார் பார்வை, புதுச் சிக்கலைத் தீர்க்கும் தருக்கம், செயல்படு நினைவாற்றல், செயல்வேகம். சராசரி 100, 130க்கு மேல் வருவோர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர்.

சிக்கல் இந்த ஐந்தையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும்போது தொடங்குகிறது. மொழிவழிப் புரிதலில் 142 வாங்கும் ஒரு பிள்ளை செயல்வேகத்தில் 98 வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கலந்து வரும் ஒட்டுமொத்த ஈவு, ஆழமாக யோசிக்கும் அந்தப் பிள்ளையையும் காட்டாது, பென்சிலைப் பிடித்து மெல்ல எழுதும் அதன் அவதியையும் காட்டாது. ஆகவேதான் வேகத்தையும் செயல்படு நினைவாற்றலையும் விலக்கிய பொதுத் திறன் குறியீட்டைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவின் மீத்திறன் குழந்தைகளுக்கான தேசியச் சங்கம் பரிந்துரைக்கிறது. அறிக்கையில் ஒட்டுமொத்த எண் மட்டும் இருந்தால், பெற்றோர் தயங்காமல் மற்ற ஐந்தையும் கேட்டு வாங்க வேண்டும். 128 வந்த பிள்ளைக்கும் 131 வந்த பிள்ளைக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தச் சோதனையிலும் சில புள்ளி ஏற்ற இறக்கம் பிழை எல்லைக்குள் அடங்கியதே.

சோதனையின் கூரை தாழ்வாக இருப்பது அடுத்த சிக்கல். எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை சொன்ன பிள்ளை இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் ஸ்டான்லி 1971இல் தொடங்கிய ஆய்வு இதற்கு எளிய வழி கண்டது. கல்லூரி சேரும் மாணவர்களுக்கான எஸ்ஏடி தேர்வைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அடிலெய்டைச் சேர்ந்த டெரன்ஸ் டாவ் எட்டு வயதில் அதன் கணிதப் பகுதியில் 800க்கு 760 எடுத்தார். அவர் பெற்றோர் அடுத்துச் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவசரப்பட்டு மொத்தமாக மேலே தள்ளாமல், ஆட்களைத் தேடிப்போய் யோசனை கேட்டார்கள். கணிதத்துக்கு மேல்வகுப்பு, வேறு பாடங்களுக்கு வேறு வகுப்பு என்று பாடத்துக்குப் பாடம் ஏற்பாடு செய்தார்கள். 2006இல் டாவுக்குக் கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. அந்தப் பதக்கத்தை விலக்கிவைத்துப் பார்த்தாலும், அளந்ததை அன்றாட வாழ்க்கைக்குள் கொண்டுவருவதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இந்தியாவில் அளக்கும் கோலே சந்தேகத்துக்குரியது. மாவட்ட மருத்துவமனைகளில் இன்றும் புழங்கும் பினே-காமத் சோதனை விடுதலைக்கு முன்பே தழுவப்பட்டது. மாலின் நுண்ணறிவுச் சோதனை 1969ஐச் சேர்ந்தது. ஜேம்ஸ் ஃப்ளின் காட்டியபடி அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளி வீதம் சராசரி உயர்ந்துவந்திருக்கிறது. அதே வேகம் இங்கும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு முந்தைய குழந்தைகளோடு இன்றைய குழந்தையை ஒப்பிட்டால் எண் ஊதிப்போகும். இந்தியக் குழந்தைகளைக் கொண்டு தரப்படுத்திய வெக்ஸ்லர் நான்காம் பதிப்பு இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் கேட்கப்படும் கேள்விக்கு, தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் கூலித்தொழிலாளியின் மகள் தரும் விடை எதை அளக்கிறது? அவள் ஆங்கிலத்தையா, அறிவையா? படங்களைக் கொண்ட ரேவன் சோதனை ஓரளவு உதவும். உளவியலாளர் தமிழில் பேசிப் பழகியவராக இருப்பது அதைவிட உதவும்.

இந்த வெற்றிடத்தில் வியாபாரம் நுழைந்துவிட்டது. கைரேகையை ஸ்கேன் செய்து பிள்ளையின் திறமையைச் சொல்லும் ‘டிஎம்ஐடி’, கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கும் ‘மிட்பிரெயின் ஆக்டிவேஷன்’ என்று சிற்றூர்வரை பேனர் கட்டுகிறார்கள். இரண்டுக்கும் அறிவியல் அடிப்படை கிடையாது. கைரேகைச் சோதனையை இந்திய மனநல மருத்துவர் சங்கமே நிராகரித்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் பணத்தை இழப்பது ஒருபுறம். ‘உன் மகனுக்கு எஞ்சினியரிங் வராது’ என்று ஒரு விரல்ரேகை தீர்ப்பெழுதுவதுதான் பெருங்கேடு. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்பது ஒவ்வொரு பெற்றோரின் உரிமை. அந்தக் கேள்விக்குக் கோபப்படுகிறவரிடம் பிள்ளையை உட்காரவைக்க வேண்டாம்.

மீத்திறனும் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் இருப்பதுதான் மதிப்பீட்டில் மிகவும் தவறவிடப்படும் நிலை. மீத்திறனோடு டிஸ்லெக்சியா, ஏடிஎச்டி, ஆட்டிசம் ஆகியவற்றில் ஒன்றும் சேர்ந்திருக்கலாம். அறிவு குறையை மூடிமறைக்கும். குறை அறிவை மூடிமறைக்கும். கடைசியில் அந்தப் பிள்ளை ‘சுமாரான மாணவன்’ என்று பெயர் வாங்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் எழுத்துக்களோடு மல்லுக்கட்டியும் தன் புத்தியால் ஐம்பது மதிப்பெண் எடுத்துவிடும் பிள்ளைக்குச் சலுகை எதற்கு என்று பள்ளி கேட்கும். எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. வகுப்பு சலிப்பூட்டுவதால் துறுதுறுவென்று திரியும் பிள்ளைக்கு ஏடிஎச்டி என்று முத்திரை விழுந்துவிடுகிறது. கவனம் எங்கே சிதறுகிறது என்பதைப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும்: எளிய பாடத்தில் மட்டுமா, பிடித்த வேலையிலும் வீட்டிலும் விளையாட்டிலும்கூடவா?

அறிக்கை கைக்கு வந்ததும் ஆலோசனை தொடங்க வேண்டும். வகுப்பு ஏற்றம் ஒரு வழி. அது பிள்ளையைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை என்று அயோவா பல்கலைக்கழகத்தின் பெலின்-பிளாங்க் மையம் 2004லும் 2015லும் வெளியிட்ட அறிக்கைகள் விரிவாகக் காட்டின. முடிவெடுக்க உதவும் அயோவா அளவுகோலில் எனக்குப் பிடித்தவை அறிவோடு தொடர்பில்லாத சில தடைகள். ஏற்றப்படும் வகுப்பில் உடன்பிறந்த அக்காவோ அண்ணனோ இருந்தால் ஏற்றக் கூடாது. பிள்ளைக்கு விருப்பமில்லை என்றாலும் கூடாது. குடும்பத்தைத் தெரிந்தவர்கள் எழுதிய விதிகள் அவை.

குழந்தையோடு பேசுகையில் அடிக்கடி எதிர்ப்படுவது, தவறு செய்துவிடுவோமோ என்ற அச்சம். எதையும் எளிதாகச் செய்து பழகிய பிள்ளை முதல்முறை திணறும்போது, ‘எனக்கு அறிவே இல்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது. 1998இல் முல்லரும் டுவெக்கும் செய்த சோதனைகளில், ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் தோல்விக்குப் பின் சோர்ந்தார்கள், எளிய கணக்கையே தேடினார்கள்; உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். ஜீன் பீட்டர்சனும் ரேயும் 2006இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் கேலிக்கும் கொடுமைக்கும் ஆளானதாக 67 விழுக்காடு மீத்திறன் மாணவர்கள் சொன்னார்கள். பலர் அதைப் பெரியவர்களிடம் சொல்லவே இல்லை. தன் பிரச்சினையைத் தானே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கப்படும் பிள்ளை எப்படிச் சொல்லும்? பெண் பிள்ளைகள் விஷயத்தில் மறைப்பு இன்னும் ஆழமானது. பதின்வயதில் பெண்கள் தம் இலக்கைத் தாமே சிறிதாக்கிக்கொள்வதைப் பார்பரா கெர் 1980களிலேயே எழுதினார். நம் வீடுகளில் அவள் சிறிதாக்கிக்கொள்ளும்வரைகூடக் காத்திருப்பதில்லை. பக்கத்து ஊர்க் கல்லூரி, பேருந்து வசதி, கல்யாண வயது என்று குடும்பமே கூடி அதைச் செய்துவிடுகிறது.

ஆலோசனையில் பாதி குடும்பத்துக்குரியது என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஒரு பிள்ளைக்கு ‘மீத்திறன்’ என்ற பெயர் சூட்டியதும் வீட்டில் இன்னொரு பிள்ளைக்குச் சொல்லாமலே வேறொரு பெயர் விழுகிறது. 1980களில் டூயி கார்னெல் செய்த ஆய்வில், பெயர் சூட்டப்படாத உடன்பிறந்தோர் கூடுதல் பதற்றத்தோடு இருந்தார்கள். ஆண்டுகள் செல்ல அந்தத் தாக்கம் தேய்கிறது என்று கொலாஞ்சலோவும் ப்ரவரும் பின்னர் கண்டது ஆறுதல். அப்பாவும் அம்மாவும் ஒரே பக்கம் நிற்பதும் அரிது. ஒருவருக்கு அது சாதனைக்கான முன்பணம்; மற்றவருக்கு ‘பிள்ளை பிள்ளையாக இருக்கட்டுமே’ என்ற கவலை. விருந்தினர் முன்னால் தலைநகரங்களை ஒப்பிக்கவைக்கும் தாத்தாவையும் அந்த அறைக்கு அழைத்தாக வேண்டும். பிள்ளை தன் அறிவைப் பிறரை மகிழ்விக்கும் வித்தையாகவே பார்க்கத் தொடங்கினால், பார்வையாளர் இல்லாத இடத்தில் அதற்குப் படிக்கத் தோன்றாது.

கும்பகோணத்து இராமானுஜன் கதையை நாம் மேதைமையின் கதையாகவே சொல்லிவருகிறோம். அதை ஆலோசனை இல்லாமையின் கதையாகவும் படிக்கலாம். கணிதம் தவிர மற்றவற்றில் கவனம் செலுத்தாததால் கல்லூரி உதவித்தொகை பறிபோனது. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போனார். பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. அவர் திறமை யாருக்கும் தெரியாமல் இல்லை. ஒருபக்கமாகச் சாய்ந்த அந்தத் திறமைக்கு இடம் கொடுக்கக் கல்விமுறையில் வழி இல்லை. அவரைத் தாங்கியவர்கள் இராமசாமி ஐயர், இராமச்சந்திர ராவ் போன்ற சிலர். பின்னர் இங்கிலாந்து சென்று, உலகின் ஆகச் சிறந்த கணித இடங்களில் ஒன்றில் இருந்தபோதே, நோயும் தனிமையும் வாட்ட, 1918இல் லண்டன் சுரங்க ரயிலின் முன் பாய்ந்தார்; பிழைத்தது தற்செயல். சரியான இடத்தில் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இந்த ஆண்டை மறக்கக் கூடாது.

இந்தியாவில் சில முன்னோடிகள் உண்டு. புனேயில் அப்பாசாகேப் பெண்ட்சே 1962இல் நிறுவிய ஞானப் பிரபோதினி, உளவியல் சோதனையையும் பள்ளியையும் ஒரே கூரைக்கீழ் நடத்திவருகிறது. பெங்களூரின் தேசிய உயர் ஆய்வு நிறுவனம், அனிதா குருப் தலைமையில், மூன்று வயதிலிருந்தே இந்தியச் சூழலுக்கேற்ப மீத்திறனை அடையாளம் காணும் முறைகளை உருவாக்க முயன்றது. 2020 தேசியக் கல்விக் கொள்கை சிறப்புத் திறன் மாணவர்களுக்குச் சில பத்திகள் ஒதுக்கியது. தமிழ்நாட்டில் தேசிய வருவாய்வழித் திறனாய்வுத் தேர்வு, ஊரகத் திறனாய்வுத் தேர்வு, முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, மாவட்டந்தோறும் அரசு மாதிரிப் பள்ளிகள் என்று தேர்ந்தெடுப்புக்குக் குறைவில்லை. ஏழைப் பிள்ளைகளை ஐஐடி வாசல்வரை கொண்டுபோன மாதிரிப் பள்ளிகளை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இவை எல்லாமே ஏற்கெனவே மதிப்பெண் எடுக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் கண்டெடுக்கின்றன. நோட்டைத் திறக்க மறுப்பவன் இந்த வலைக்குள் வரமாட்டான். பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது. அதை நாடுவது பெரும்பாலும் தேர்வு பயமும் நெருக்கடியும் வந்த பிறகுதான்.

வலையை விரிவாக்க வழி தெரிந்ததுதான். ஃப்ளோரிடாவின் பெரிய பள்ளி மாவட்டம் ஒன்று, ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த பிள்ளைகளை மட்டும் சோதிப்பதை விட்டு, இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தது. மீத்திறன் பட்டியலில் கறுப்பினக் குழந்தைகள் 80 விழுக்காடும் ஹிஸ்பானியக் குழந்தைகள் 130 விழுக்காடும் கூடினார்கள் என்று கார்டும் ஜூலியானோவும் கணக்கிட்டார்கள். பணமில்லை என்று நிறுத்தியதும் பழைய நிலை திரும்பியது. 1984 முதல் மூன்றாம் வகுப்பில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினரைத் தேர்ந்து ஒன்பது பள்ளிகளில் சேர்த்துவந்த சிங்கப்பூர், 2024இல் அந்த ஏற்பாட்டை மாற்றுவதாக அறிவித்தது. இனி ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் அத்தகைய மாணவர்களுக்கு வழி செய்யப்படும். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் டியூஷன் செலவையும் எட்டு வயதுப் பிள்ளைகளின் தூக்கத்தையும் அறிந்தவர்களுக்கு அந்த அறிவிப்பின் அருமை புரியும்.

இங்கே எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. தமிழில் தரப்படுத்திய புதிய சோதனைக்குப் பல்கலைக்கழக உளவியல் துறைகளுக்குச் சில ஆண்டுகள் தேவைப்படும். மாவட்டத்துக்கு ஓர் உளவியலாளரை நியமிக்க நிதியும் அரசாணையும் வேண்டும். ஆனால் திறனாய்வுத் தேர்வுகளில் தேறிய பிள்ளைகளின் பெயரும் முகவரியும் கல்வித் துறையிடம் இப்போதே இருக்கின்றன. அந்தப் பெற்றோரை ஒன்றியம்தோறும் மாதம் ஒருமுறை சனிக்கிழமைப் பிற்பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டலாம். பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் நடத்தலாம். பட்டியலில் வராவிட்டாலும், ‘கெட்டிக்காரப் பிள்ளைதான், ஆனா’ என்று வகுப்பாசிரியர் சொல்லும் பிள்ளையின் வீட்டாரையும் சேர்த்து அழைக்கலாம். உதவித்தொகைப் படிவத்தோடு இந்த அழைப்பையும் சேர்த்து அனுப்ப ஒரு சுற்றறிக்கை போதும்.